பூஜ்ஜியம்தானா என்று கேட்கும் வரி

லினக்ஸ் கணினியில் எதையாவது நிறுவுவதற்காக எழுதப்பட்ட ஷெல் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் முதல் பத்து வரிகளுக்குள் ஒரு கேள்வி இருக்கும்: என்னை ஓட்டுபவர் ரூட்தானா? ஆம் என்றால் ஸ்கிரிப்ட் மேலே போகும். இல்லை என்றால் 'நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள்' என்று ஒரு வரியை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். ஷெல் ஸ்கிரிப்ட் என்பது டெர்மினலில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. ரூட் என்பது அந்தக் கணினியில் எதையும் மாற்றவல்ல நிர்வாகிக் கணக்கு. ஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவர்கள் இந்தச் சோதனை வரியை ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள், அல்லது வேறொரு ஸ்கிரிப்ட்டிலிருந்து நகலெடுத்திருப்பார்கள். நகலெடுப்பதுதான் அதிகம் என்பதால், அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது. வற்புறுத்திக் கேட்டால் 'பாதுகாப்புக்காக' என்று பதில் வரும். அந்தப் பதில் தவறு. அதை நம்பி எழுதுவதால்தான் இந்த ஒற்றை வரி இத்தனை விதமாகப் பிழைபடுகிறது என்பது என் வாதம்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் பூஜ்ஜியமாக இருந்தால், கோப்புகளின் மேல் எழுதியிருக்கும் அனுமதிகளை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் பொருட்படுத்தாது. ரூட் என்ற பெயருக்குக் கெர்னலிடம் எந்த மதிப்பும் இல்லை. பெயரெல்லாம் மனிதர்கள் படிப்பதற்கு. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதும், இன்னொரு நிரலை நிறுத்தும்போதும், வட்டை இணைக்கும்போதும், கெர்னல் அந்த எண்ணைத் தானே பார்த்து முடிவு சொல்கிறது. ஸ்கிரிப்ட்டிடம் அது அபிப்பிராயம் கேட்பதில்லை. அப்படியிருக்க, ஸ்கிரிப்ட்டின் தலையில் நாம் எழுதும் சோதனை எதைக் காக்கிறது? சாதாரணப் பயனர் அந்த ஸ்கிரிப்ட்டை நகலெடுத்து, சோதனை வரியை அழித்துவிட்டு ஓட்டினாலும் அவருக்குப் புதிதாக ஓர் அதிகாரமும் கிடைத்துவிடாது. உரிமை வேண்டிய முதல் செயலிலேயே கெர்னல் மறுத்துவிடும். யார் வேண்டுமானாலும் அழித்துவிடக்கூடிய ஒரு வரியைக் காவல் என்று சொல்வது பொருந்தாது.

அப்படியானால் அதை எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. அதற்கான காரணம் ஷெல்லின் சுபாவத்தில் இருக்கிறது. மற்ற பல நிரல்மொழிகளில் ஒரு செயல் தோற்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ஷெல் அப்படி நிற்பதில்லை. ஒரு கட்டளை தோற்றால் பிழைச்செய்தி திரையில் வரும், அடுத்த வரி எதுவும் நடக்காததுபோல் ஓடும். ரூட்டுக்கென்று எழுதிய ஒரு ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் வரி ரூட்டுக்கு மட்டுமே திறக்கும் ஒரு தற்காலிக அடைவுக்குள் போகச் சொல்கிறது. இரண்டாவது வரி, இருக்கும் இடத்தில் உள்ளதையெல்லாம் அழிக்கச் சொல்கிறது. ரூட் ஓட்டினால் குப்பை மட்டும் போகும். சாதாரணப் பயனர் ஓட்டினால் முதல் வரியைக் கெர்னல் மறுக்கிறது. ஷெல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அந்த இடம் பெரும்பாலும் அவருடைய வீட்டு அடைவு. இரண்டாவது வரிக்குக் கெர்னலிடம் எந்த ஆட்சேபமும் இல்லை, ஏனென்றால் அந்தக் கோப்புகள் அவருடையவை. உரிமை இல்லாமையே இங்கே அழிவுக்குக் காரணமாகிறது. இவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும், பழைய பதிப்பை நிறுத்தியாயிற்று, புதியதை எழுத முடியவில்லை, அமைப்புக் கோப்பு பாதி மாறியிருக்கிறது என்ற அரைகுறை நிலை சாதாரணமாக நேர்வது. எதையும் தொடுவதற்கு முன்பே, முடிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வதுதான் அந்தச் சோதனையின் வேலை. ஓட்டுபவரின் நலனுக்காக இருக்கிற வரி அது. அவர்மேல் சந்தேகப்பட்டு எழுதியது என்று நினைத்தால் எல்லாம் கோணலாகிவிடும்.

நோக்கம் இதுதான் என்று ஒப்புக்கொண்டால், கேள்வியை எப்படிக் கேட்பது என்பதும் தெளிவாகும். சில ஸ்கிரிப்ட்டுகள் 'யூசர்' என்ற சூழல் மாறியில் ரூட் என்று இருக்கிறதா எனப் பார்க்கின்றன. அந்த மாறியை யாரும் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம். யாரும் மாற்றாவிட்டாலும், ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முறையைப் பொறுத்து அதில் பழைய பெயரே தங்கியிருக்கக்கூடும். ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டைத் திருப்பி எழுதிய 'டூர்' என்ற பெயரில் இன்னொரு கணக்கு உண்டு. அதன் எண்ணும் பூஜ்ஜியம்தான், அதிகாரமும் அதேதான். பெயரைப் பார்க்கும் ஸ்கிரிப்ட் அந்தக் கணக்கில் இருப்பவரை வெளியே நிறுத்திவிடும். எண்ணைக் கேட்பதே முறை. எண்ணிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் அதைத் தொடங்கியவரின் எண் ஒன்று, எந்த அதிகாரத்தோடு இப்போது ஓடுகிறது என்பதைச் சொல்லும் எண் இன்னொன்று. முதலாவதை மெய்எண் என்றும் இரண்டாவதைச் செயல்எண் என்றும் சொல்லலாம். சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றும்போது, ரூட்டுக்கு மட்டுமே உரிய கோப்பில் எழுத வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நிரல் மட்டும் அந்தச் சில நொடிகளுக்கு ரூட்டின் செயல்எண்ணைப் பெறுகிறது. டென்னிஸ் ரிச்சியின் இந்த யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமையே வழங்கப்பட்டது. அனுமதி வழங்கும்போது கெர்னல் பார்ப்பது செயல்எண்ணை என்பதால், நாம் கேட்க வேண்டியதும் அதையே. 'ஐடி' என்ற கட்டளைக்கு 'யு' என்ற சிறிய எழுத்து விருப்பத்தைக் கொடுத்தால் அந்த எண் கிடைத்துவிடும். போசிக்ஸ் தரநிலையில் உள்ள கட்டளை என்பதால் எந்த ஷெல்லிலும் அதே பதிலைத் தரும்.

எந்த ஷெல்லிலும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் மையமே அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். லினக்ஸில் மிகப் பரவலான ஷெல்லான பாஷ், 'இயுஐடி' என்ற மாறியில் செயல்எண்ணைத் தானே வைத்திருக்கும். யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கும். ஆகவே பல ஸ்கிரிப்ட்டுகளில் சோதனை இப்படி இருக்கும்: இயுஐடி பூஜ்ஜியத்துக்குச் சமமில்லை என்றால், செய்தியைச் சொல்லிவிட்டு வெளியேறு. பாஷில் இது குறையின்றி வேலை செய்யும். ஆனால் 2006-இல் வந்த உபுண்டு 6.10 முதல், அந்த இயங்குதளத்தில் 'எஸ்ஹெச்' என்று கூப்பிட்டால் வருவது பாஷ் இல்லை, வேகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டேஷ் என்ற சிறிய ஷெல். 2011-இல் டெபியனின் 6.0 பதிப்பும் அதே வழிக்கு வந்தது. டேஷில் இயுஐடி என்ற மாறியே கிடையாது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தாலும், கோப்பின் பெயருக்கு முன் 'எஸ்ஹெச்' சேர்த்து ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி ஓட்டினால் முதல் வரி வெறும் குறிப்பாகிவிடும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். இல்லாத மாறி வெறுமையாக விரிகிறது. எதையும் இடப்பக்கம் வைக்காமல் 'சமமில்லையா பூஜ்ஜியத்துக்கு' என்று கேட்டால் டேஷுக்குப் புரியாது. எதிர்பாராத குறி என்று ஒரு பிழைச்செய்தியை அச்சிட்டு, இரண்டு என்ற தோல்வி எண்ணைத் திருப்புகிறது. 'என்றால்' என்ற நிபந்தனையோ, திரும்பி வந்த எண் பூஜ்ஜியமா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். கேள்வியே கேட்கப்படவில்லை என்பதற்கும், கேட்டுப் பொய்யென்று பதில் வந்தது என்பதற்கும் அதனிடம் வேறுபாடு இல்லை. நிபந்தனை பொய், ஆகவே வெளியேறும் பகுதி ஓடாது, ஸ்கிரிப்ட் மேலே போகும். ரூட் அல்லாத ஒருவர் ரூட்டாகக் கருதப்பட்டுவிட்டார். பாஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்பில் எழுதியிருந்தாலும் கதை மாறாது; அப்படியொரு கட்டளை இல்லை என்று டேஷ் சொல்லும், நிபந்தனை பொய்யாகும், ஸ்கிரிப்ட் ஓடும். தோல்வி வந்தால் ஸ்கிரிப்ட்டை நிறுத்தச் சொல்லும் 'செட் -இ' என்ற அமைப்பும் இங்கே கைகொடுக்காது, நிபந்தனைக்குள் நிகழும் தோல்விகளை அது கணக்கில் எடுப்பதில்லை. பாஷுக்குள்ளேயே இன்னொரு குழி இருக்கிறது: இரட்டை அடைப்புக்குள் மாறியின் பெயரை ஓரெழுத்து பிழையாகத் தட்டி, அது பூஜ்ஜியத்துக்குச் சமமா என்று கேட்டால், பாஷ் வெறுமையைப் பூஜ்ஜியமாகவே எண்ணி ஆம் என்று சொல்லிவிடும். அதிகாரத்தின் உச்சியைக் குறிக்கத் தேர்ந்தெடுத்த எண்ணும், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் எண்ணும் ஒன்றாகிப்போனதன் விளைவு இது.

ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய, கணினியில் தகவலைக் காப்பது பற்றிய ஆய்வுக்கட்டுரையில் சில வடிவமைப்பு நெறிகளை வகுத்தார்கள். வெளிப்படையாக அனுமதி இருந்தால் மட்டும் திற, வேறு எந்த நிலையிலும் மூடியே இரு என்பது அவற்றில் ஒன்று. மேலே சொன்ன சோதனை இதற்கு நேர் எதிராக எழுதப்பட்டது: தடைக்கான காரணம் நிரூபிக்கப்பட்டால் மட்டும் நிறுத்து, மற்றபடி விடு. இதைத் திருப்பி எழுதினால் போதும். 'செயல்எண் பூஜ்ஜியம் என்பது உறுதியானால் மேலே போ, வேறு எது நடந்தாலும் நில்' என்று எழுதினால், மாறி இல்லாவிட்டாலும், கட்டளை கிடைக்காவிட்டாலும், எழுத்துப்பிழையே இருந்தாலும் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். மாறியின் பெயரைப் பிழையாக எழுதும் அந்த ஒரு குழி மட்டும் அப்போதும் திறந்தே இருக்கும். எண்ணாக ஒப்பிடாமல் எழுத்தாக ஒப்பிட்டால் அதுவும் மூடிவிடும், ஏனென்றால் வெறும் எழுத்துத்தொடரும் '0' என்ற எழுத்தும் ஒருபோதும் ஒன்றாகா. ஒரே வரியில் சொல்லின் வரிசையை மாற்றுவதால் வரும் வேறுபாடு இது என்பதை யோசித்தால், நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தின்மேல் எனக்குள்ள கோபம் நியாயமானது என்று தோன்றும்.

எண்ணை நம்பிச் சறுக்கியது ஸ்கிரிப்ட் எழுதுவோர் மட்டுமில்லை. ரூட் அதிகாரத்தைத் தற்காலிகமாகத் தரும் சூடோ என்ற நிரல் 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்ஸரும் எழுதியது. இன்று யுனிக்ஸ் வகைக் கணினிகளில் அது மிகப் பரவலானது. 2019 அக்டோபரில் அதில் ஒரு பிழை வெளியானது, சிவிஇ-2019-14287 என்பது அதன் பதிவெண். ஒருவர் ரூட் தவிர வேறு எந்தப் பயனராகவும் கட்டளைகளை ஓட்டலாம் என்று நிர்வாகி விதி எழுதியிருந்தால், அவர் பயனர் எண்ணாக கழித்தல் ஒன்றைக் கொடுத்து ரூட்டாகவே ஓட்டிவிட முடிந்தது. சூடோ அந்த எண்ணைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிட்டது. ஒன்றல்ல என்று கண்டு அனுமதித்தது. பிறகு எண்ணை மாற்றச் சொல்லிக் கெர்னலைக் கேட்டபோது, கழித்தல் ஒன்று என்றால் 'எண்ணை மாற்றாதே' என்று கெர்னலின் அகராதியில் பொருள். சூடோ ஏற்கெனவே பூஜ்ஜியமாக ஓடிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றது. சோதித்தவர் ஒரு பொருளும் செய்தவர் வேறு பொருளும் கொண்டதால் வந்த பிழை. சோதனை ஓரிடத்திலும் செயல் வேறிடத்திலும் இருக்கும்வரை, இந்த இடைவெளி எந்த வடிவத்திலாவது திறந்தே இருக்கும்.

இதுவரை பூஜ்ஜியம் என்றால் முழு அதிகாரம் என்று வைத்துப் பேசினேன். அதுவே இன்று பாதி உண்மை. 1999-இல் வந்த லினக்ஸ் 2.2 கெர்னல், ரூட்டின் அதிகாரத்தைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டத் தொடங்கியது. இன்று அப்படி 40 துண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. கணினியின் கடிகாரத்தை மாற்ற ஒரு துண்டு, 1024-க்குக் கீழுள்ள போர்ட்டில் காத்திருக்க ஒரு துண்டு, கெர்னலில் புதிய பகுதியை ஏற்ற ஒரு துண்டு. பூஜ்ஜியம் அல்லாத ஒரு நிரலுக்குத் தேவையான துண்டை மட்டும் கொடுத்துவிடலாம். 'நீ ரூட்டா' என்று கேட்கும் ஸ்கிரிப்ட், வேலையைச் செய்யக்கூடிய அந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடும். எதிர்த்திசையிலும் நடக்கிறது. 2013-இல் வந்த 3.8 கெர்னலிலிருந்து, சாதாரணப் பயனரும் தனக்கென ஒரு பயனர் பெயர்வெளியை உருவாக்கி அதற்குள் தன்னைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளலாம். ரூட் இல்லாமல் ஓடும் கன்டெய்னர்கள் எல்லாம் இதன்மேல் நிற்பவை. உள்ளே கேட்டால் எண் பூஜ்ஜியம் என்று வரும். மெய்யான வட்டை இணைக்கப் போனால் கெர்னல் மறுக்கும். ஆப்பிளின் மேக் கணினிகளில் 2015-இல் வந்த எல் கேப்பிடன் முதல், இயங்குதளத்தின் முக்கிய அடைவுகளில் ரூட்டாலும் எழுத முடியாது. வலைப்பின்னல் வழியே பகிரப்படும் என்எஃப்எஸ் அடைவுகளில், வந்து கேட்பவர் பூஜ்ஜியமானால் அவரை யாருமற்றவர் என்ற கணக்குக்கு இறக்கிவைப்பதே வழக்கமான அமைப்பு. யார் என்று தெரிந்துகொண்டதால் என்ன முடியும் என்பது தெரிந்துவிடாது.

ஆகவே கேள்வியை ஆளிடமிருந்து செயலுக்கு நகர்த்த வேண்டும் என்கிறேன். ஓர் அடைவில் கோப்பு வைப்பதுதான் ஸ்கிரிப்ட்டின் வேலை என்றால், அந்த அடைவில் எழுத முடியுமா என்று கேட்கட்டும். அதற்கான சோதனை ஷெல்லிலேயே இருக்கிறது. தன் வீட்டு அடைவுக்குள் நிறுவிக்கொள்ள விரும்பும் மாணவருக்கும் அப்போது வழி திறக்கும்; ரூட்டாகவே இருந்தும் படிக்க மட்டும் இணைக்கப்பட்ட வட்டில் எழுதப் போகிறவருக்கு முன்கூட்டியே செய்தி கிடைக்கும். டெபியனின் ஏபிடி நிறுவி இதைவிட ஒரு படி மேலே போகிறது. நிறுவச் சொன்னால், தன் பூட்டுக் கோப்பைத் திறந்து பிடிக்க முயல்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன் எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது. கெர்னல் மறுத்தால் பிழை எண் 13-உடன் காரணத்தைச் சொல்லிவிட்டு, நீங்கள் ரூட்தானா என்று கேட்கிறது. வேலையின் முதல் படியே சோதனையாக இருக்கிறது, ஆகவே சோதனைக்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி இல்லை. எனக்குத் தெரிந்தவரை இதுவே மிகச் சிறந்த வடிவம்.

இங்கே மூன்று ஆட்சேபங்கள் எழும். முதலாவது, எழுத முடியுமா என்று கேட்ட பின்னும் எழுதுவதற்குள் நிலைமை மாறலாமே என்பது. உண்மை, கோப்பைத் திறக்கும் முன் அனுமதியைக் கேட்டுப் பார்ப்பது பாதுகாப்பு ஓட்டை என்று லினக்ஸின் கையேடே எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை, உயர்ந்த அதிகாரத்தோடு ஓடிக்கொண்டு வேறொருவர் சார்பில் கோப்பைத் திறக்கும் நிரல்களுக்கானது. நம் சோதனை அதிகாரத்தைக் காக்கவில்லை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டோம். இடையில் நிலைமை மாறினால் கெர்னல் மறுக்கும், ஸ்கிரிப்ட் அந்த மறுப்பைக் கவனித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, இத்தனை யோசனை எதற்கு, எண்ணைக் கேட்கும் ஒரு வரி பெரும்பாலான இடங்களில் போதுமே என்பது. இதில் நியாயம் இருக்கிறது. பத்து இடங்களில் கைவைத்து, சேவைகளை நிறுத்தித் தொடங்கி, பயனர் கணக்கு உருவாக்கும் ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே முன்கூட்டிச் சோதிப்பது ஸ்கிரிப்ட்டையே மூழ்கடித்துவிடும். அங்கே எண்ணைக் கேளுங்கள். மூடியே இருக்கும்படி எழுதிக் கேளுங்கள். அது ஓர் ஊகம் என்பதை மறக்காமல், முக்கியமான ஒவ்வொரு செயலின் தோல்வியையும் தனியே கவனியுங்கள்.

மூன்றாவது ஆட்சேபம் கவர்ச்சியானது. ரூட் இல்லை என்றால் ஏன் நிற்க வேண்டும், ஸ்கிரிப்ட்டே சூடோ வழியாகத் தன்னை மறுபடி தொடங்கிக்கொள்ளலாமே என்கிறார்கள். பல ஸ்கிரிப்ட்டுகள் அப்படியே செய்கின்றன. இதை நான் ஏற்கவில்லை. ஸ்கிரிப்ட் தன் பெயரை வைத்துத் தன்னைக் கூப்பிடுகிறது. இணையத்திலிருந்து நேராக ஷெல்லுக்குள் குழாய் வழியே பாய்ச்சப்பட்டால் அந்தப் பெயரின் இடத்தில் ஷெல்லின் பெயர்தான் இருக்கும், சூடோ ரூட்டின் ஷெல் ஒன்றைத் திறந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, நூறு வரிகளில் மூன்று வரிகளுக்கு மட்டும் தேவைப்பட்ட அதிகாரம் நூறு வரிகளுக்கும் கிடைத்துவிடுவது. இறக்கிய கோப்புகளும் தொகுத்த நிரல்களும் ரூட்டுக்கு உடைமையாகிப் பயனரின் வீட்டு அடைவிலேயே கிடக்கும், பிறகு அவரால் அவற்றை மாற்ற முடியாது. 2011-இல் பம்பிள்பீ என்ற கிராஃபிக்ஸ் அட்டைத் திட்டத்தின் நிறுவல் ஸ்கிரிப்ட்டில், ஓர் ஆழமான அடைவை அழிக்கச் சொன்ன வரியில், முதல் அடைவின் பெயருக்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. இயங்குதளத்தின் பெரும்பகுதி தங்கியிருக்கும் 'யுஎஸ்ஆர்' அடைவு முழுவதும் அழிந்தது. சாதாரணப் பயனராக ஓடியிருந்தால் அந்த இடைவெளிக்கு ஒரு சேதமும் செய்யும் வலு இருந்திருக்காது. நிறுவல் என்பதால் ரூட் தேவைதான். அதிகாரம் எத்தனை வரிகளைத் தொடுகிறதோ அத்தனை வரிகளின் எழுத்துப்பிழைகளும் உயிர்பெறும் என்பதே இதிலிருந்து நான் காண்பது.

ஆகவே தேவைப்பட்ட அந்த மூன்று வரிகளுக்கு மட்டும் சூடோ போடுவதே மேல்; அதிலும் பலர் இடறும் ஓர் இடம் உண்டு. சூடோ போட்டு ஒரு வரியை அச்சிடச் சொல்லி, வெளியீட்டை அம்புக்குறியால் ரூட்டின் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். சூடோ போட்டும் ஏன் என்று திகைப்பார்கள். அம்புக்குறியைக் கவனித்துக் கோப்பைத் திறப்பது, சூடோ தொடங்குவதற்கு முன்பே, சாதாரணப் பயனராக ஓடிக்கொண்டிருக்கும் ஷெல். அச்சிடும் கட்டளைக்குத்தான் ரூட் அதிகாரம் போய்ச் சேர்ந்தது, அதற்கு அது தேவையே இல்லை. கோப்பைத் தானே திறக்கும் 'டீ' என்ற கட்டளைக்குச் சூடோ போட்டால் சரியாகிவிடும். திறப்பவர் யார், எழுதுபவர் யார் என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இன்னொரு பக்கம், ரூட்டாக இருந்தால் ஓட மறுக்கும் நிரல்களும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சேவையகம் ரூட்டாகத் தொடங்கச் சொன்னால் மறுத்துவிடும். ஆர்ச் லினக்ஸில் தொகுப்புகளை உருவாக்கும் மேக்பேக்கேஜும் அப்படியே. அங்கே பூஜ்ஜியமா என்று கேட்பது, அதிகாரம் மிகையாக இருக்கிறதே என்ற கவலையால்.

விண்டோஸில் எண் கிடையாது, ஆனால் குழப்பம் அதே குழப்பம். விஸ்டா வந்ததிலிருந்து, நிர்வாகிகள் குழுவில் இருப்பவருக்கும் நிரல்கள் வடிகட்டிய உரிமைச்சீட்டோடுதான் ஓடுகின்றன; அனுமதி கேட்கும் பெட்டியில் சம்மதித்த பிறகே முழுச் சீட்டு. ஆகவே குழுவில் இருக்கிறாரா என்று பார்ப்பது போதாது. குழுவின் பெயரைத் தேடுவது அதைவிட மோசம், ஜெர்மன் விண்டோஸில் அந்தப் பெயரே வேறு. பேட்ச் ஸ்கிரிப்ட் எழுதுவோர் நெடுநாளாக 'நெட் செஷன்' என்ற கட்டளையை ஓட்டிப் பார்க்கிறார்கள், நிர்வாகிக்கு மட்டும் பதில் சொல்லும் கட்டளை என்பதால். செயலைக் கேட்கும் நல்ல யோசனைதான். ஆனால் தனக்கு வேண்டிய செயலை விட்டுவிட்டு வேறொரு செயலைக் கேட்கிறது. கோப்புப் பகிர்வுக்கான சர்வர் சேவை நிறுத்தப்பட்ட கணினியில் அந்தக் கட்டளை நிர்வாகிக்கும் தோற்கும். பவர்ஷெல் 4.0 முதல் ஸ்கிரிப்ட்டின் தலையில் ஓர் அறிவிப்பாக இதை எழுதிவிடலாம், சோதிக்கும் பொறுப்பை ஷெல்லே ஏற்றுக்கொள்கிறது.

கடைசியாக, மறுத்த பிறகு என்ன செய்வது என்பது. பல ஸ்கிரிப்ட்டுகள் ஒரு செய்தியை அச்சிட்டு, எண் எதுவும் சொல்லாமல் வெறுமனே வெளியேறுகின்றன. எண் தராமல் வெளியேறினால் ஷெல் அதற்கு முந்தைய கட்டளையின் முடிவையே ஸ்கிரிப்ட்டின் முடிவாக ஒப்படைக்கும். முந்தைய கட்டளை செய்தியை அச்சிட்டது; அது வெற்றி; வெற்றிக்கு ஷெல்லில் எண் பூஜ்ஜியம். மனிதர் எதிரே உட்கார்ந்து படித்தால் செய்தி புரிந்துவிடும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் என்ற நிரல் நள்ளிரவில் தொடங்கிய இன்னொரு ஸ்கிரிப்ட் இதைக் கூப்பிட்டிருந்தால் அது செய்தியைப் படிக்காது, எண்ணைத்தான் பார்க்கும். வேலை முடிந்தது என்று நம்பி அடுத்த வேலைக்குப் போகும், காப்புப்பிரதி எடுக்கப்படாமலே பழைய பிரதியை அழிக்கும். செய்தியைப் பிழை வெளியீட்டுக்கு அனுப்பி, பூஜ்ஜியம் அல்லாத ஓர் எண்ணோடு வெளியேற வேண்டும். ஒன்று என்றாலும் போதும். பிஎஸ்டி மரபின் வெளியேறும் எண்களின் பட்டியலில், உரிமை போதவில்லை என்பதற்கென்றே 77 என்ற எண் இருக்கிறது.